இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு கப்

வியாழக்கிழமை காலை காபி மெஷின் நின்றுபோனபோது எங்கள் சமையலறையில் என்னைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். அப்படி மூன்று பேர் வந்து போவது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பதினேழாவது தடவை பட்டனை அமுக்கினேன். மெஷின் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் போட்டது. அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து மேடையில் ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

"செத்துப்போச்சு" என்றாள் மாடிப்படி அக்கா. எங்கள் கட்டடத்தின் ஐந்து மாடிப் படிகளையும் துடைப்பவள் அவள்தான்.

மேல்மாடி நர்ஸ் மெஷினின் விலாவில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். "உடம்பு கொதிக்குது. ஆனா உயிர் இருக்கு." ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறவள். காபி குடித்துவிட்டு உடனே போய்த் தூங்குகிற ஆளை அவளுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பார்சல் கொண்டுவருகிறவர் எப்போதும் பச்சைத் தொப்பி போட்டிருப்பார், அதனால் அவர் பெயரே பச்சைத்தொப்பி. அவர் எழுந்து மெஷினை லேசாக உலுக்கிவிட்டு, தன்னால் ஆனதைச் செய்துவிட்ட திருப்தியோடு மறுபடி உட்கார்ந்தார்.

எல்லோரும் பேசியது அந்த ஊர் மொழியில். நானும் அதில்தான் பேசினேன். அதுவும் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

"மெஷின் கிடக்கட்டும்" என்றாள் அக்கா. "உன் ஆளுகிட்ட சொல்லிட்டியா இல்லையா?"

"இன்னும் இல்ல."

"நல்லா இருக்கு போ. திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரு. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பெட்டி கட்டு."

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் இவருடைய வேலைக்காக இந்த ஊருக்கு வந்தோம். இவர் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் இஞ்சினீயர். வந்த முதல் நாளே கதவுச் சங்கிலியை மாட்டிக் காட்டி, "யார் பெல் அடிச்சாலும் திறக்காதே. உனக்கு ஆளும் தெரியாது, பாஷையும் தெரியாது" என்றார். நான் திறக்கவில்லை. துணி துவைக்கும் மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அழுவேன். சாயங்காலம் இவர் வந்ததும் இவருக்காக இன்னொரு தடவை அழுவேன். இவர் பயந்துபோனார். "ஒரு வருஷம் பார்ப்போம். அப்பவும் பிடிக்கலைன்னா கிளம்பிடலாம், சத்தியமா" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஐந்து மணி அடித்ததும் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். என்ன வாங்கித் தந்தால் நான் சிரிப்பேன் என்று யோசித்து யோசித்து, இரண்டு மாதம் கழித்து இந்தக் காபி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மெஷின் வந்த மறுவாரம் குப்பையைப் போடலாம் என்று கதவைத் திறந்தேன். வாசலில் அக்கா வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. வாசல்வரை வந்துவிட்ட ஒரு ஆளைக் கேட்காமல் அனுப்ப என் வாய்க்குத் தெரியாது. "காபி சாப்பிடறீங்களா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவுக்கு அதில் காபி மட்டும் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் அவள் நர்ஸைக் கூட்டி வந்தாள். அடுத்த வாரம் பச்சைத்தொப்பி, வேறு யாருக்கோ வந்த பார்சலை நீட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த இரண்டு பேர் மூன்று வாரம் எங்கள் கணக்கில்தான் வாழ்ந்தார்கள். இத்தனை பேருக்கும் ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கி, அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? காலை ஏழு நாற்பதுக்கு இவர் கிளம்பியதும் ஒரே மூச்சில் இருபத்து நான்கு முறை அமுக்கி, மொத்த டிகாஷனையும் ஒரு பாத்திரத்தில் இறக்கி மூடிவைத்துவிடுவேன். அப்புறம் யார் வந்தாலும் பாலைக் காய்ச்சி, டம்ளருக்கு இரண்டு கப் டிகாஷன் வீதம் கலந்தால் ஆச்சு. டிகாஷன் என்றால் காலையில் மொத்தமாக இறக்கி வைப்பதுதான். மெஷின் வந்துவிட்டது என்பதற்காகக் கை பழகினது மாறிவிடுமா என்ன?

அவர்களுக்குள்ளே காபி இறங்க இறங்க, எனக்குள்ளே பாஷை ஏறியது.

இவரிடம் ஏன் சொல்லவில்லை என்றால், முதலில் கதவைத் திறந்ததற்குத் திட்டுவாரோ என்று சொல்லவில்லை. பிறகு, நான் சிரித்துவிட்டால் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுவாரோ என்று சொல்லவில்லை. அதற்கும் பிறகு, இத்தனை நாள் சொல்லாததே வெட்கமாகப் போய்விட்டது. ஐந்தரைக்குச் சாவி சத்தம் கேட்பதற்குள் டம்ளர்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் வாடவைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது ஆபீஸில், இன்னும் மூன்று வருடம் இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "முடியாதுன்னு சொல்லப்போறேன். உன் கண்ணீரைவிட வேலை ஒண்ணும் பெரிசில்ல" என்று புதன்கிழமை சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். இந்தச் சமையலறையை விட்டு, இந்த மூன்று பேரை விட்டு எங்கும் போக எனக்கு மனசே இல்லை. ஆனால் அழுது அழுது வாங்கின வாக்கை, இப்போது எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

வியாழன் சாயங்காலம் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தார்.

"போச்சா? உனக்கு இங்கே இருந்த ஒரே துணையும் போச்சா?"

"ஏங்க, அதைப்பத்தித்தான்... இந்த ஊர் அவ்வளவு ஒண்ணும் மோசமில்லீங்க" என்று ஆரம்பித்தேன்.

"எனக்காகப் பொய் சொல்லாதே. எனக்குத் தெரியாதா?" மெஷினைத் தன் பக்கம் இழுத்தார். "இரு. நான் என்ன வேலை பார்க்கறேன்? பம்பு. இதுக்குள்ள இருக்கறதும் பம்புதான். ஊருக்கே தண்ணி ஏத்தறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா?"

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழற்றினார். இரண்டு மணி நேரம் மாட்டினார். மாட்டி முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிவப்பு விளக்கு மட்டும் முன்னைவிட நன்றாக எரிந்தது.

சனிக்கிழமை, மெஷினைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். காய்ச்சல் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது. திருப்பத்தில் பஸ் சாயும்போதெல்லாம் இவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். வழியெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

ரிப்பேர் கடை, தெருவிலிருந்து ஐந்து படி கீழே இறங்குகிற ஒரு நிலவறை. சுவர் முழுக்க அலமாரிகள். அவற்றில் இஸ்திரிப் பெட்டிகளும் மிக்ஸிகளும் விசிறிகளும் கழுத்தில் மஞ்சள் சீட்டைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. மெக்கானிக்கின் கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. போர்வையை விலக்கி, மெஷினைத் திருப்பி, பின்மூடியைப் பார்த்தார்.

"இங்க ஒரு ஸ்க்ரூ இருக்கணுமே" என்றார் அந்த ஊர் மொழியில்.

இவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்னங்க சொல்றாரு?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"மெஷினை ரொம்ப நல்லா வச்சிருக்கோமாம்."

மெக்கானிக் உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வளையத்தை இடுக்கியால் எடுத்து விளக்கில் காட்டினார். கரிக்கட்டை மாதிரி இருந்தது. "கருகியே போச்சு. நான் இந்த மாதிரி ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். ரெண்டும் ரயில் நிலையத்து கேன்டீன் மெஷின்."

இவர் என் பக்கம் திரும்பி, "சின்ன ரப்பராம். நீ ஒண்ணும் பயப்படாதே" என்றார். நடுக்கடையில் நான் அழுதுவிடப் போகிறேன் என்று அவருக்குப் பயம்.

"கடையில வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் மெக்கானிக். "இது வீட்டு மெஷின். கடையில வச்சிருந்தா கேரண்டி செல்லாது."

"கடையா? வீட்ல நாங்க ரெண்டே பேர்!"

மெக்கானிக் ஒயரைச் சொருகி, இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். மெஷினின் சின்னத் திரையில் ஒரு எண் வந்து நின்றது. எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 2614.

"பிறந்ததுலேர்ந்து இது போட்ட கப். இதுவே எண்ணி வச்சுக்கும்."

இத்தனை நாள் நான் டம்ளர்களைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்தச் சனியன் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது.

"பொய் சொல்லுது!" என்று இவர் மேஜையைத் தட்டினார். "நான் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எப்படிப் பார்த்தாலும் ஐந்நூறு தாண்டாது."

"கேரண்டி சீட்டுப்படி வாங்கி நாலு மாசம். நாளைக்கு இருபத்திரண்டு ஆகுது. உங்களுது ரெண்டு. பாக்கி இருபது யாருது?"

"பகல்ல வீட்ல என் மனைவி மட்டும்தான்..."

சொல்லிவிட்டு இவர் நிறுத்தினார். இருவரும் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் அவசரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"முதல்ல அவங்களை உட்காரச் சொல்லுங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குதா, கேளுங்க."

அடித்தது. ஆனால் காபியால் இல்லை.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு இருபது காபியா? அவ்வளவு துக்கத்தையும் தனியா உட்கார்ந்து குடிச்சுத் தீர்த்தியா நீ?"

"ஐயோ, அதில்லீங்க..."

"பேசாதே. தப்பெல்லாம் என்மேலதான். திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே மேனேஜருக்கு போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன். அடுத்த வாரமே கிளம்பறோம்."

போனை எடுத்தார். கண் கலங்கியிருந்ததால் மேனேஜர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திரையைத் துடைத்துக்கொண்டார். இன்னும் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் மெக்கானிக் பக்கம் திரும்பினேன்.

"நான் ஒருத்தியே குடிக்கலீங்க!" என்றேன் அந்த ஊர் மொழியில். "நான் குடிக்கறது ரெண்டே ரெண்டு டம்ளர். மிச்சமெல்லாம் படி துடைக்கற அக்கா, மேல்மாடி நர்ஸ், பார்சல்காரர். நடுவுல பெயின்ட் அடிக்கறவங்க ரெண்டு பேர், ஆளுக்கு மூணு டம்ளர். கடையெல்லாம் இல்ல. காசு வாங்கினாத்தானே கடை? வர்றவங்களுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். காலையில மொத்தமா இறக்கி வச்சேன். அதுல இந்த ரப்பர் கருகும்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. நாலு மாசமா பிடிச்சிருக்கு. இவர்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல. நீங்களாவது சொல்லுங்க!"

வேகத்தில், வாளி தட்டி விழும்போது அக்கா சொல்கிற வார்த்தை ஒன்றும் நடுவில் விழுந்துவிட்டது. அது அவ்வளவு நல்ல வார்த்தை இல்லை என்பதை இவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்தார். நெற்றிக் கண்ணாடி நழுவி மூக்குக் கண்ணாடிமேல் விழுந்தது. அப்படியும் நிறுத்தவில்லை.

"மொத்தமா எத்தனை இறக்குவீங்க?"

"இருபத்து நாலு."

"நடுவுல ஓய்வே கொடுக்காம?"

"பாலைக் கொதிக்க வச்சு ஊத்தறப்போ டிகாஷன் தயாரா இருக்க வேண்டாமா?"

"இருக்கணும், இருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆறு கப் போட்டா பத்து நிமிஷம் அதை விட்டுடுங்கம்மா. அதுக்கும் மூச்சு வாங்குமில்ல?" பிறகு இவரைப் பார்த்தார். "அவங்க என்கிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. இந்த ஊர் பிடிச்சிருக்காம்."

"கேட்டுச்சு" என்றார் இவர். போன் கையிலேயே இருந்தது.

மெக்கானிக் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். கடை உபயோகமா, வீட்டு உபயோகமா என்ற இடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்தார். வீட்டு உபயோகம் என்று எழுதினார். பக்கத்தில், வீடு பெரிசு என்று சேர்த்து, மெஷினின் கழுத்தில் கட்டினார். பத்து நாள் ஆகும் என்றார்.

பஸ் நிறுத்தம்வரை இவர் இரண்டடி முன்னால் நடந்தார். போர்வை மட்டும் மடித்து அவர் கக்கத்தில் இருந்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் இப்போது அழுதால் யார் நம்புவார்கள்?

நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேட்டார். "நான் தப்புத் தப்பா மாத்திச் சொன்னதெல்லாம் உனக்குப் புரிஞ்சுதா?"

"ம்."

"ஸ்க்ரூ?"

"ம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிங்க சொல்றது? நீங்க அவ்வளவு பாசமா பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தீங்க."

"அடிப்பாவி!" என்றார். "ஆறு மாசம்! அஞ்சு மணிக்கு நான் பையைத் தூக்கினா ஆபீஸே எழுந்து வழி விடுது. பாவம், வீட்ல மனைவி அழுதுட்டு இருப்பாங்கன்னு. போன வாரம் ஒருத்தர் உனக்காக வேண்டிக்கறேன்னு சொன்னார்."

"வேணும்னா ஒருநாள் ஆபீசுக்கு வந்து அழுதுட்டுப் போறேன். உங்க மானம் போகாது."

இவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை. தோள்தான் முதலில் குலுங்கியது. போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். எதிரே நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார்.

சிரித்து ஓய்ந்ததும் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு. உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? குளிக்கும்போதுகூட பம்பு நம்பரைத்தானே முணுமுணுக்கறீங்க."

"அப்புறம் ஏன் என்னை விட்டுக்கொடுக்க விட்டே?"

அன்று காலையிலிருந்து நடந்த எல்லாவற்றிலும் இந்த ஒரு கேள்விதான் சுருக்கென்று தைத்தது. "தப்புதாங்க" என்றேன். "பயம்."

"எனக்கும்தான்" என்றார். "நீ எதுக்கோ சிரிச்சா, அடுத்து அழப்போறியோன்னு பயம்." பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே கேட்டார். "மூணு வருஷம். இருக்கலாமா? எனக்காகச் சொல்லாதே."

"இருக்கலாம். எனக்காகவே சொல்றேன்."

இவர் போனை எடுத்தார். மறுபடி நான் மனசு மாறிவிடுவேனோ என்னவோ, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் மேனேஜருக்கு அந்த ஊர் மொழியில் அங்கேயே எழுத ஆரம்பித்தார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

"'இருக்கிறோம்'னு மொட்டையாவா எழுதுவாங்க? 'ரெண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம்'னு ஒரு வரி சேருங்க."

"ஆபீசுக்கு அப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"அக்கா அப்படித்தான் சொல்லுவா."

"உன் அக்கா சொல்றதுல ஒண்ணை இப்பத்தான் கடையில கேட்டேன். அதை மேனேஜருக்கு எழுதினா மூணு வருஷம் இல்ல, மூணு நாள்கூட வச்சிருக்க மாட்டார்."

ஆனாலும் அந்த வரியைச் சேர்த்தார். சந்தோஷத்துக்கு என்ன வார்த்தை என்று என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் அது போய்ச் சேர்கிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பஸ் எங்களைத் தாண்டி நிற்காமல் போய்விட்டது.

"நீ கை காட்டலையா?"

"நீங்க காட்டுவீங்கன்னு நினைச்சேன்."

பலகையைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். காற்று வேறு குளிராக அடித்தது. இவர் போர்வையைப் பிரித்து இரண்டு பேர் தோளையும் சேர்த்துப் போர்த்தினார். உள்ளேயிருந்து காபி வாசனை வந்தது.

"சரி, முதல்லேர்ந்து சொல்லு" என்றார். "அந்த நர்ஸுக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

"நர்ஸுக்குச் சர்க்கரையே கிடையாது" என்று ஆரம்பித்தேன்.